ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் துடுப்புப் படகுப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022-இல் நடக்க வேண்டிய ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2023 செப்டம்பர்–அக்டோபரில் சீனாவில் நடந்தது. துடுப்புப் படகில், அதாவது ரோயிங்கில், இந்தியாவுக்கு ஐந்து பதக்கங்கள் கிடைத்தன. ஐந்தும் ஆண்கள் பிரிவில். ஆனால் "இந்த முறை தங்கம் இல்லை" என்ற வரியோடு பலர் அந்தச் செய்தியைக் கடந்துவிட்டார்கள். இந்தியத் துடுப்புப் படகின் ஆழத்தைக் காட்டிய போட்டி ஹாங்சோதான் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை, இந்த விளையாட்டைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளின் வழியாகவே சொல்கிறேன்.

துடுப்புப் படகு, கயாக், பாய்மரப் படகு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, மூன்றும் வெவ்வேறு விளையாட்டுகள். பாய்மரப் படகை நகர்த்துவது காற்று. நமக்கு நன்றாகத் தெரிந்த நேத்ரா குமணன், ஹாங்சோவில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் ஆகியோர் அந்த விளையாட்டைச் சேர்ந்தவர்கள். கயாக், கனோ வகைகளில் துடுப்பு படகோடு இணைக்கப்பட்டிருக்காது. வீரர் முன்னோக்கி இருந்தபடி கையால் வலிப்பார். ரோயிங்கில் துடுப்பு, படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். வீரர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்.

ஹாங்சோவில் இந்தியா வென்றது என்னென்ன?

தொடக்க விழா நடந்தது செப்டம்பர் 23 அன்று. மறுநாள் காலையிலேயே எடை குறைந்தோர் இரட்டையர் துடுப்பில் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் இணை வெள்ளி வென்றது. நேரம் 6 நிமிடம் 28.18 விநாடி, தங்கம் வென்ற சீன இணைக்கு 6:23.16. அதே நாளில் பாபு லால் யாதவ், லேக் ராம் இருவர் படகில் வெண்கலம் பெற்றார்கள். அந்தப் பந்தயத்தின் தங்கம் ஹாங்காங்குக்குப் போனது. பிறகு எட்டுப் பேர் படகில் வெள்ளி: சீனா 5:40.17, இந்தியா 5:43.01, இந்தோனேசியா 5:45.51.

25-ஆம் தேதி இன்னும் இரண்டு வெண்கலம். ஜஸ்விந்தர் சிங், பீம் சிங், புனித் குமார், ஆஷிஷ் ஆகியோர் நால்வர் படகில் ஒன்று; சத்னாம் சிங், பர்மிந்தர் சிங், ஜாகர் கான், சுக்மீத் சிங் ஆகியோர் நால்வர் இரட்டைத் துடுப்பில் ஒன்று. ஒற்றையர் பிரிவில் பல்ராஜ் பன்வார் நான்காவதாக வந்தார்.

நால்வர் படகு, நால்வர் இரட்டைத் துடுப்பு: என்ன வித்தியாசம்?

ஒவ்வொருவர் கையிலும் எத்தனை துடுப்பு என்பதுதான் வித்தியாசம். ஆளுக்கு இரண்டு துடுப்பு, இரு கைக்கும் ஒவ்வொன்று என்றால் அது ஸ்கல் வகை. ஒற்றையர், இரட்டையர், நால்வர் என மூன்று அளவில் இந்தப் பந்தயங்கள் உண்டு. ஆளுக்கு ஒரே நீளத் துடுப்பு, இரு கையாலும் பிடித்து ஒரு பக்கம் மட்டும் வலிப்பது ஸ்வீப் வகை. இருவர், நால்வர், எட்டுப் பேர் படகுகள் இதில் வரும்.

ஸ்வீப்பில் ஒருவர் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமும் வலிப்பதால், ஒருவரின் பலம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் படகு கோணிக்கொள்ளும். இருவர் படகு மிகக் கடினமானது என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். தவறை மறைக்க மூன்றாவது ஆள் அங்கே இல்லை.

பந்தயம் எப்படி நடக்கும்?

நேரான 2,000 மீட்டர் தூரம், வழக்கமாக ஆறு தடங்கள். ஒவ்வொரு தடத்தின் அகலமும் 13.5 மீட்டர். முதலில் தகுதிச் சுற்று. ஹாங்சோவில், அதில் பின்தங்கியவர்களுக்கு ரெபசாஜ் என்ற இரண்டாம் வாய்ப்புச் சுற்று இருந்தது. முதல் ஆறு இடங்களை 'ஏ' இறுதிப் பந்தயமும், அடுத்த ஆறு இடங்களை 'பி' இறுதியும் தீர்மானிக்கும். எனவே "இறுதிப் பந்தயத்தில் வென்றார், ஆனால் 13-வது இடம்" என்று செய்தியில் படித்தால் குழம்ப வேண்டாம். அவர் வென்றது 'சி' இறுதிப் பந்தயம்.

புறப்படும் இடத்தில் சிவப்பு விளக்கு பச்சையாக மாறும். அதற்கு முன் நகர்ந்தால் எச்சரிக்கை. ஒரே பந்தயத்தில் இரண்டாம் முறையும் நகர்ந்தால் வெளியேற வேண்டியதுதான்.

முதுகு காட்டி உட்கார்ந்தால் வழி எப்படித் தெரியும்?

எட்டுப் பேர் படகில் ஒன்பதாவதாக ஒருவர் இருப்பார்: காக்ஸ். ஹாங்சோவில் இந்தியப் படகின் காக்ஸ் தனஞ்ஜய் உத்தம் பாண்டே. படகின் பின்முனையில் வலிப்பவர்களைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் அவர் ஒருவருக்குத்தான் எல்லைக்கோடு கண்ணில் படும். சுக்கானைப் பிடிப்பதும், எப்போது வேகத்தைக் கூட்ட வேண்டும், பக்கத்துத் தடப் படகு எங்கே இருக்கிறது என்று ஒலிவாங்கி மூலம் சொல்வதும் அவர் வேலை. படகில் கூடுதல் பாரம் கூடாது என்பதால் காக்ஸ் பெரும்பாலும் சிறிய உடலமைப்பு கொண்டவராக இருப்பார். அதற்கும் வரம்பு உண்டு: 55 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறையும் எடையைப் பாரமாகப் படகில் ஏற்ற வேண்டும்.

மற்றப் படகுகளில் காக்ஸ் கிடையாது. தடத்தின் இருபுறமும் உள்ள மிதவை வரிசைதான் வழிகாட்டி. கடைசி 250 மீட்டரில் மிதவைகளின் நிறம் மாறும்; எல்லை நெருங்கிவிட்டது என்று வலிப்பவருக்குச் சொல்லும் அடையாளம் அது. முன்னால் போகும் படகுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. பின்தங்கியவர்கள் எல்லோரும் அவர்கள் கண்முன்னே தெரிவார்கள். பின்னால் வருபவருக்கோ, தன்னை முந்திப்போனவர் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருப்பார்.

கைபலம்தானே முக்கியம்?

பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உண்மையில் பெரும்பங்கு கால்களுடையது. இருக்கை, சிறு சக்கரங்களில் தண்டவாளம் போன்ற சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடும். காலணிகள் படகோடு பொருத்தப்பட்டிருக்கும். வீரர் முழங்காலை மடக்கி முன்னால் வந்து, துடுப்பின் தட்டை முனையை நீரில் இறக்குவார். அந்த நொடியில் கால்கள் உதைக்கத் தொடங்கும். கால் நீண்டதும் முதுகு சாயும். கடைசியில்தான் கைகள் கைப்பிடியை விலா வரை இழுக்கும். பிறகு முனையை நீரிலிருந்து எடுத்து, கிடையாகத் திருப்பி, மெதுவாக முன்னே நகர வேண்டும். இந்த 'மெதுவாக' என்பதில்தான் கலை இருக்கிறது. இருக்கை வேகமாக முன்னே ஓடினால், உடம்பின் எடை ஓடிக்கொண்டிருக்கும் படகையே பிடித்து நிறுத்திவிடும்.

பந்தயம் முழுக்க இதை இருநூறு தடவைக்கு மேல் செய்ய வேண்டும். புறப்படும்போது நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டி, நடுவில் 35 அளவுக்கு இறங்கி, கடைசியில் மீண்டும் ஏறும். எட்டுப் பேர் படகில் எட்டு முனைகளும் ஒரே கணத்தில் நீரில் இறங்கி, ஒரே கணத்தில் வெளியே வர வேண்டும்.

2018-இல் நால்வர் இரட்டைத் துடுப்பில் 6:17-க்குத் தங்கம் கிடைத்தது. 2023-இல் 6:08-க்கு வெண்கலம்தானா?

ஆமாம். ஆர்வத்தோடு கவனிப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. 2018 ஆசிய விளையாட்டில், இந்தோனேசியாவின் பலெம்பாங்கில் 6 நிமிடம் 17.13 விநாடியில் தங்கம், ஹாங்சோவில் 6:08.61-இல் வெண்கலம். எட்டரை விநாடி வேகமாக வந்தும் இரண்டு படி கீழே. சுக்மீத் சிங் இரண்டு படகிலும் இருந்தவர் என்பதால் இந்த ஒப்பீடு இன்னும் உறைக்கிறது.

காரணம் இரண்டு. முதலாவது, துடுப்புப் படகில் கடிகாரத்தை மட்டும் வைத்து இரண்டு போட்டிகளை ஒப்பிட முடியாது. எதிர்க்காற்றும் பின்காற்றும் நேரத்தைப் பல விநாடிகள் மாற்றிவிடும். நீரின் ஆழம், வெப்பம்கூடக் கணக்கில் வரும். எனவே ஒருவரை அவரோடு ஒரே நேரத்தில் ஓடிய மற்றவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, எதிராளிகள். பலெம்பாங்கில் அந்தப் பந்தயத்தின் வெள்ளி இந்தோனேசியாவுக்கும் வெண்கலம் தாய்லாந்துக்கும் போயின. பதக்க மேடையில் சீனா இல்லை. ஹாங்சோவில் சீனா 6:02.65, உஸ்பெகிஸ்தான் 6:04.64. வலுவான இரண்டு படகுகளை விரட்டி வாங்கிய வெண்கலம் அது.

அந்த 2018 தங்கம் எப்படி வந்தது?

ஆகஸ்ட் 23, பலெம்பாங்கின் ஜகபரிங் ஏரி. இந்திய வீரர்கள் அன்று பதக்கம் எதுவும் இல்லாமல் திரும்பினார்கள். ஒற்றையர் இறுதியில் தத்து போகனால் ஆறாவதாகக் கரைசேர்ந்தார். உடம்பு சரியில்லாத நிலையில் அவர் எடுத்த நேரம் 8 நிமிடம் 28 விநாடி. இரண்டாண்டுக்கு முன் ரியோ ஒலிம்பிக்கில் 6:54.96-இல் முடித்தவர் அவர். மறுநாள் காலை அதே ஏரி, நால்வர் இரட்டைத் துடுப்பு. ஸ்வரண் சிங், தத்து போகனால், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங். இந்தோனேசியாவைவிட மூன்று விநாடிக்கு மேல் முன்னால் கோட்டைக் கடந்தார்கள்.

தத்து, நாசிக் மாவட்டத்தில் தண்ணீருக்குத் திண்டாடும் தாலேகாவ் ரோஹி என்ற ஊர்க்காரர். தந்தையோடு கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். ஸ்வரணும் சுக்மீத்தும் பஞ்சாபின் மான்சா மாவட்டத்துக்காரர்கள்; அங்கே பருத்தி வயல்கள் உண்டு, படகு விடும் ஏரிகள் இல்லை. அந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஆசியாவின் தங்கத்தை வென்றார்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அதுதான் இந்தியாவின் முதல் தங்கமா?

முதல் தங்கம் 2010-இல், குவாங்சோவில். ராஜஸ்தானின் சீகர் பகுதியைச் சேர்ந்த ராணுவ வீரர் பஜ்ரங் லால் தாக்கர் ஒற்றையர் பிரிவில் வென்றது. 2006 தோஹாவில் இதே பிரிவில் அவருக்கு வெள்ளி கிடைத்திருந்தது. பின்னாளில் பல்ராஜ் பன்வாருக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே.

ஆசிய விளையாட்டில் ரோயிங் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1982 டெல்லிப் போட்டியில். ஆனால் பந்தயங்கள் நடந்தது ஜெய்ப்பூர் அருகே உள்ள ராம்கர் ஏரியில். அந்த ஏரி பிற்காலத்தில் வறண்டே போனது. ஒரு நாடு தன் விளையாட்டுக்கு வைத்திருந்த ஏரியைக் காப்பாற்ற முடியாமல் போனது பெரிய இழப்பு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதும் இல்லை.

இந்திய வீரர்கள் ஏன் பெரும்பாலும் ராணுவத்தினர்?

பந்தயப் படகின் விலை லட்சக்கணக்கில். 2,000 மீட்டர் நேரான, அமைதியான நீர்ப்பரப்பு வேண்டும். படகு வைக்கக் கொட்டகை, பின்தொடர்ந்து செல்லப் பயிற்சியாளருக்கு மோட்டார் படகு, ஆண்டு முழுவதும் சாப்பாடு. இதையெல்லாம் தரக்கூடிய பள்ளியோ கல்லூரியோ நம்மிடம் இல்லை. ராணுவத்திடம் இருக்கிறது. புனே தாபோடியில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்தின் ரோயிங் மையம்தான் தேசிய அணியின் தாய்வீடு.

உயரமான புதுச் சிப்பாய்களைத் தேர்ந்தெடுத்து முதலில் எர்கோ என்ற தரைப் பயிற்சிக் கருவியில் உட்காரவைப்பார்கள். அதில் 2,000 மீட்டரை 6 நிமிடத்துக்குள் முடிப்பது உலகத் தரத்தின் ஓர் அளவுகோல். தேறியவர்கள் படகுக்குப் போவார்கள். இப்படி இருபது வயதை ஒட்டித்தான் நம் வீரர்கள் துடுப்பையே தொடுகிறார்கள். ஐரோப்பாவிலும் சீனாவிலும் அந்த வயதில் ஒருவருக்குப் பல ஆண்டு நீர் அனுபவம் சேர்ந்திருக்கும். ராணுவம் செய்திருப்பது மகத்தான பணி. ஆனால் அது மட்டுமே போதும் என்று நாடு இருந்துவிட்டதுதான் குறை.

எடை குறைந்தோர் பிரிவு என்றால் என்ன?

ஆண்களில் யாரும் 72.5 கிலோவைத் தாண்டக் கூடாது; ஒரு படகில் இருப்பவர்களின் சராசரி எடை 70 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பந்தயத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் எடை பார்ப்பார்கள். எடையைக் கட்டுக்குள் வைக்க வீரர்கள் வயிற்றைக் காயப்போடுவது உண்டு. பலெம்பாங்கில் எடை குறைந்தோர் ஒற்றையரில் வெண்கலம் வென்ற துஷ்யந்த் சவுகான், கோட்டைத் தாண்டியதும் சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

ஒலிம்பிக்கில் நம் நிலை என்ன?

டோக்கியோவில் அர்ஜுன் லாலும் அர்விந்தும் எடை குறைந்தோர் இரட்டையரில் 11-வது இடம் பிடித்தார்கள். அதற்கு முன் ரியோவில் தத்து 13-வது. பாரிஸில் பல்ராஜ் 23-வது.

இங்கேதான் ஒரு சிக்கல். பாரிஸோடு எடை குறைந்தோர் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. நமக்கு மிகவும் கைகொடுத்த வாசல் அடைபட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் பந்தயத் தூரமும் லாங் பீச் நீர்ப்பரப்புக்கு ஏற்ப 1,500 மீட்டராகக் குறைகிறது. எடை வரம்பில்லாத பிரிவுகளில், உயரமும் பலமும் கொண்டவர்களோடு நேருக்கு நேர் மோத வேண்டிய காலம் இது.

அப்படியானால் ஹாங்சோவின் எந்தப் பதக்கம் பெரிது?

எட்டுப் பேர் படகின் வெள்ளி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அபூர்வத் திறமை கொண்ட ஒருவர் எந்த நாட்டிலும் பிறக்கலாம்; ஒற்றையர் தங்கம் அப்படி வந்துவிடும். எட்டுப் பேர் படகில் வெல்ல, ஏறத்தாழ ஒரே தரத்தில் எட்டு வீரர்களும் ஒரு காக்ஸும் வேண்டும். அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வலித்திருக்க வேண்டும். 2014 இஞ்சியோனில் இதே பந்தயத்தில் நமக்குக் கிடைத்தது வெண்கலம். ஹாங்சோவில் வெள்ளி, சீனாவை விட 2.84 விநாடி பின்னால். அந்த வேகத்தில் அது சுமார் பதினாறரை மீட்டர், ஏறக்குறைய ஒரு படகின் நீளம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜஸ்விந்தர், பீம், புனித், ஆஷிஷ் நால்வரும் அந்த எட்டுப் பேர் படகில் வெள்ளி வென்ற மறுநாளே நால்வர் படகில் இறங்கினார்கள். உஸ்பெகிஸ்தான் தங்கத்தைக் கொண்டுபோனது. வெள்ளிக்குச் சீனா 6:10.04, இந்தியா 6:10.81. இடைவெளி 0.77 விநாடி, நீரில் சுமார் நான்கு மீட்டர், அவர்கள் படகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. முந்தின நாள் முழு மூச்சாக ஓடிய கால்களோடு அவ்வளவு அருகில் வந்தார்கள். எடை வரம்பில்லாத பெரிய படகுகளில் இந்தியா இத்தனை நெருக்கத்தில் நிற்பதால்தான், 2018-இன் ஒரு தங்கம், இரண்டு வெண்கலத்தைவிட ஹாங்சோவின் இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலத்தை நான் மேலாக மதிக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு இருக்கிறதா?

இருக்கிறது, வெகுநாளாகவே. அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான துடுப்புப் படகுப் பந்தயம் நூற்றாண்டைக் கடந்தது. போரூர் ஏரியிலும் பயிற்சியும் போட்டிகளும் நடந்திருக்கின்றன. இவ்வளவு நீண்ட மரபு இருந்தும், ஹாங்சோவில் பதக்கம் வென்ற படகுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வட மாநிலத்து ராணுவ வீரர்களே. கிளப்புக்கு வெளியே, அரசுப் பள்ளி மாணவர் கைக்குத் துடுப்பு போய்ச் சேரவில்லை. விளையாட்டு விடுதிகளில் உயரமான பிள்ளைகளைக் கூடைப்பந்துக்கும் கைப்பந்துக்கும் தேடுவதுபோல, ஒரு எர்கோ கருவியில் உட்காரவைத்துப் பார்த்தால் போதும், தொடங்கிவிடலாம்.

பிள்ளையைச் சேர்க்க விரும்பினால் முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நீச்சல். இதில் விலக்கே கிடையாது. ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. படகு மிகவும் குறுகலாகத்தான் இருக்கும். கற்றுக்கொள்ளும்போது கவிழாதவர் கிடையாது. கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டே மிதக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது.

பந்தயத்தை எப்படிப் பார்த்தால் ரசிக்க முடியும்?

முதல் 500 மீட்டரில் யார் முன்னால் என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்றாவது 500 மீட்டரைக் கவனியுங்கள். கால்களில் நெருப்பு எரியும் இடம் அது. வேகம் அங்கேதான் உடையும். திரையில் ஒவ்வொரு 500-க்கும் நேரம் காட்டுவார்கள். மற்றவர்களைவிட எந்தப் படகின் மூன்றாவது எண் குறைவாகக் கூடியிருக்கிறதோ, கடைசியில் பாய்வது பெரும்பாலும் அதுதான். துடுப்புகள் நீரை விட்டு எழும் நேரத்தில் படகின் முனையைப் பாருங்கள். அது தலையாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே இருப்பவர்கள் ஒன்றாக வலிக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து எப்போது?

2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் அடுத்த ஆசிய விளையாட்டு. துடுப்புப் படகுப் பந்தயங்கள் போட்டியின் தொடக்க நாட்களிலேயே முடிந்துவிடுவது வழக்கம். ஹாங்சோவில் தொடக்க விழாவுக்கு மூன்று நாள் முன்பே தகுதிச் சுற்றுகள் ஆரம்பித்துவிட்டன. அதனால் தேதியைக் கொஞ்சம் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். எட்டுப் பேர் படகின் இறுதிப் பந்தயத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.